ஐப்பசி அம்மை

பத்தாயிரம் விநாடி என்று கணினியில் தட்டிவிட்டுச் சிதம்பரவடிவு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இனி இரண்டே முக்கால் மணி நேரம் அவள் செய்ய ஒன்றும் இல்லை, செய்கிறதையெல்லாம் அந்த ஈயப் பெட்டி செய்துகொள்ளும். பெட்டிக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள்ளே நெடுவாய்க்கரை ஓடையில் இன்று காலை கல்லிலிருந்து சுரண்டி எடுத்த பச்சைப் பாசி. பாசி நல்ல சாட்சி. தண்ணீர் நேற்று ஓடியதை இன்று மறந்துவிடும், பாசி மறக்காது, வந்ததையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டால் கேட்டபடி சொல்லும். சொல்லும் என்கிற இடத்தில் மனசு லேசாக இடறியது, அவள் அதைத் தாண்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள், மழைக்கு முந்திய ஈசல் முதலில் ஒன்றிரண்டாக வருமே அப்படி, இங்கொன்று அங்கொன்று. ஒரு மணி நேரம் போனால் புள்ளிகள் குவிந்து கூம்பு கூம்பாக நிற்கும், எந்தக் கூம்பு எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துப் பெயர் சொல்லிவிடலாம். வலது பக்கம் எப்போதும் நிற்பது பொட்டாசியம், வாழைப்பழத்திலும் இருக்கிறது, அவள் உடம்பிலும் இருக்கிறது, அதை எதிர்த்து யாரும் ஊர்வலம் போனதில்லை. இடது பக்கம் தோரியத்தின் பிள்ளைகள், இந்தக் கடற்கரை மணலோடு பிறந்தவை. நடுவில் குட்டையாகச் சீசியம், அவள் பிறப்பதற்கு முன்னால் யார் யாரோ எங்கெங்கோ வெடித்துப் பார்த்த குண்டுகளின் மிச்சம், உலகத்து மண்ணில் எல்லாம் கொஞ்சம் கிடக்கிறது. இருபத்தோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து இவை எல்லாம் அவளுக்குத் தெருக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. முந்நூற்று அறுபத்து நான்கில் நிற்பதுதான் புதிது. அது அயோடின். போன வாரம்தான் முதல்முதலாக வந்தது. ஏசி ஒரு தடவை நின்று மறுபடி இரைந்தது, மணி பத்து நாற்பது.

அயோடின் வந்தது வந்துவிட்டது, எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஓடை கடலில் சேருகிற இடத்திலிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டரில் அணுமின் நிலையம். நிலையத்துக்கும் அவள் உட்கார்ந்திருக்கும் இந்த டவுன் ஆய்வகத்துக்கும் உள்ள சம்பந்தம், வாரா வாரம் பால், மீன், பாசி, மண் எல்லாம் எடுத்து அளந்து ‘வழக்கம்போல்’ என்று எழுதிக்கொண்டிருந்ததுதான். போன வாரம் அப்படி எழுத முடியவில்லை. அதற்குள் ஆய்வகத்து ஆள் யாரோ டீக்கடையில் பேச, டீக்கடை பேசியதைத் தொலைக்காட்சி பேச, சனிக்கிழமையிலிருந்து நெடுவாய்க்கரைக்கு மீன் வண்டி வரவில்லை. ஊர்க் கமிட்டித் தலைவர் இங்கேயே வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: “நிலையம் இல்லேன்னு சொல்லுதீங்க. சரி, வேற யாரு? யாருன்னு சொல்லுங்க, நம்புதோம்.” நியாயமான கேள்வி. கேட்டது மனிதர், பதில் சொல்ல வேண்டியது பாசி. அயோடின் தனியாக இருந்தால் அதற்கு முகவரி கிடையாது, பக்கத்தில் இன்னொன்று இருந்து இரண்டுக்கும் விகிதம் பார்த்தால்தான் முகவரி. அணு உலையில் அயோடினுக்கு ஒரு தங்கை பிறக்கும். அக்காள் நூற்று முப்பத்தொன்று, எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாகும். தங்கை நூற்று முப்பத்து மூன்று, ஆயுசு கம்மி, இருபத்தோரு மணி நேரத்திலேயே பாதி. உலையிலிருந்து வந்தால் இரண்டும் கைகோத்துத்தான் வரும். போன வாரத்துப் பாசி மூன்று நாள் வரிசையில் காத்துக் கிடந்ததில் தங்கை இருந்ததா செத்ததா என்று தெரியாமல் போயிற்று. அதனால்தான் இன்று காலை எடுத்ததை ஒன்றரை மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்தாயிற்று. ஐந்நூற்று முப்பதில் ஒரு கூம்பு எழுந்தால் நிலையம். எழாவிட்டால் மருந்து. கழுத்தில் வருகிற தைராய்டு புற்றுக்குக் கொடுக்கிற அயோடின், மருந்துக்கென்றே தனியாகச் செய்தது, தங்கை இல்லாமல்தான் வரும். யாரோ ஒருவர் அதைக் குடித்திருக்கிறார், அவர் குளித்த தண்ணீர் ஓடைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

யாரோ ஒருவர். யார் என்று அவளுக்குத் திங்கட்கிழமையே தெரியும், அதுதான் தொந்தரவு. தலைமை அதிகாரி மதிவாணன் இடத்தை நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஜீப்பில் அனுப்பினார், கூட வந்தது நயினார். முழுப் பெயர் ஆறுமுகநயினார், பத்தொன்பது வருஷமாக மாதிரி எடுக்கிற வேலை, நெடுவாய்க்கரைக்காரர்தான். தெருவில் இறங்கி நடந்தபோது ஒரு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தது, அவர் சட்டென்று அவளுக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் வந்து நடந்தார். “தள்ளி வாங்க மேடம், அம்மை போட்டிருக்கு.” யார் வீடு என்று கேட்டாள். “நம்ம வீடுதான். பிள்ளைக்கு.” அவள் முகத்தில் என்ன கண்டாரோ, “சின்ன அம்மைதான், எறங்கிட்டு” என்று சேர்த்துக்கொண்டார். அம்மை என்றால் பங்குனி, சித்திரை. வெயில் மண்டையைப் பிளக்கிற காலம். ஐப்பசி மழையில் அம்மை வரக் கூடாது என்று சட்டமொன்றும் இல்லை, வந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனாலும் நடக்க நடக்க அது காலில் தைத்த சின்ன முள் மாதிரி கூடவே வந்தது. பின்னால் ஓடைக்கரை வழியாகப் போனபோது அந்த வீட்டின் புறவாசலைப் பார்த்தாள். தனித் தட்டு, தனி தம்ளர், துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. சரி, அம்மை வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள். பக்கத்தில் பிழிந்து போட்ட எலுமிச்சந்தோல், பத்துப் பன்னிரண்டு மூடி, மழையில் நனைந்து. அம்மைக்கு இளநீர் கொடுப்பார்கள், நுங்கு கொடுப்பார்கள், எலுமிச்சம்பழத்தை யார் இப்படிச் சப்பச் சொல்வார்கள்? பின்னறை ஜன்னலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். கழுத்தில் துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். வடிவைப் பார்த்துச் சிரித்தாள், முகம் துடைத்து வைத்த பித்தளைச் செம்பு போல இருந்தது, ஒரு கொப்புளம் கிடையாது, ஒரு வடு கிடையாது. வடிவும் சிரித்துவிட்டு நடந்தாள்.

செந்தூர்க்கனி, நயினாரின் மகள். இருபத்து மூன்று வயது, பி.எட். முடித்தவள். ஆவணியில் நிச்சயம் ஆனபோது நயினார் ஆய்வகத்துக்கு அல்வா கொண்டுவந்து மேஜை மேஜையாக வைத்தார், தையில் கல்யாணம், உவரிப் பக்கம் மாப்பிள்ளை. புரட்டாசியில் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று திருவனந்தபுரம் போகப் பத்து நாள் லீவு கேட்டார், கண்ணுக்குப் பத்து நாளா என்று அவளே கிண்டல் பண்ணிக் கையெழுத்துப் போட்டாள். மாமனார் கண் இல்லை, மகள் கழுத்து என்று இப்போது தெரிகிறது. அப்புறம் அந்த உப்பு. இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. ஒரு மாதத்துக்கு முன்னால், மாதிரிப் பைகளை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றவர், “மேடம், அயோடின் கலக்காத உப்பு எங்கன கெடைக்கும்?” என்று கேட்டார். உப்பளத்து மண்ணில் பிறந்த மனுஷன் இப்படிக் கேட்கலாமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்க ஊர்ல காலை நீட்டினா உப்பளம், என்கிட்ட வந்து கேக்கீங்களே நயினார்.” அவரும் சிரித்தார். “ஆமால்லா” என்றார். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ. மருந்து கொடுப்பதற்கு முன்னால் உடம்பை அயோடினுக்கு ஏங்க வைப்பார்கள், அதற்குத்தான் அந்த உப்பு. கொடுத்தபின் எச்சில் சுரப்பிகள் கெடாமல் இருக்கப் புளிப்பைச் சப்பச் சொல்வார்கள், அதற்குத்தான் எலுமிச்சை. பத்து நாள் தனியறை, தனித் தட்டு, குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. இத்தனையையும் ஒரு தெருவுக்கு நடுவில், கல்யாணம் பேசிய வீட்டில், யாரும் ஏன் என்று கேட்காமல் எப்படிச் செய்வது? வேப்பிலையைச் சொருகிவிட்டால் போயிற்று. ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் எந்த சம்பந்தி வாசல்படி ஏறுவார்? யோசித்தவர் கெட்டிக்காரர்தான், மாதத்தை மட்டும் யோசிக்கவில்லை. அம்மையென்றால் கடைசியில் தண்ணீர் ஊற்ற வேண்டுமே. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, புறவாசல் கல்லில் உட்கார வைத்து, பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று ஊற்றியிருப்பார்கள். அத்தனையும் ஓடைக்குப் போயிருக்கும், ஓடையில் பாசி இருந்தது.

திரையில் முந்நூற்று அறுபத்து நான்கு இப்போது நன்றாக எழுந்துவிட்டது. ஐந்நூற்று முப்பதில் இரண்டு மூன்று புள்ளிகள், கூம்பும் இல்லை, தரையும் இல்லை. எழு என்று மனசுக்குள் யாரோ சொன்னார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ என்ன யாரோ, அவள்தான் சொன்னது. எழுந்தால் என்ன அர்த்தம்? நிலையம் கசிகிறது என்று அர்த்தம். ஏழு ஊர், நாற்பதாயிரம் ஜனம், பால் குடிக்கிற பிள்ளைகள், இத்தனையும் ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டில் ஒரு பெண்ணின் தைமாதக் கல்யாணத்தை வைத்து, இது கீழே இறங்கட்டும் என்று கேட்டிருக்கிறாள். ஒரு விநாடிதான் கேட்டாள். பத்தாயிரத்தில் ஒன்று. ஆனாலும் கேட்டாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து இருபத்தோரு வருஷத்தில் ஒரு கூம்பையும் அவள் வா என்றதில்லை, போ என்றதில்லை.  உண்மை எதுவோ அது வரட்டும் என்று திருத்திச் சொல்லிப் பார்த்தாள், வாய்க்கு அது சரியாக வந்தது, வயிற்றுக்கு வரவில்லை. உண்மையத்தானே சொன்னா. அப்பாவின் குரல். இந்த ஒரு வாக்கியம் இப்படித்தான், கூப்பிடாமலே வந்து நிற்கும், துணி காயப்போடும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம், இப்போது ஈயப் பெட்டியின் பக்கத்தில். அவளுக்கு எட்டு வயது. கோமதி அக்காளுக்கு இருபத்திரண்டு. பாளையங்கோட்டை வீட்டு முன்னறையில் பெண் பார்க்க வந்தவர்கள், கேசரி, பன்னீர் தெளித்த வாசனை. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வடிவை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, தலையைத் தடவி, “உங்க அக்கா என்னத்துக்குட்டி சித்திர வெயில்ல முழுக்கை ஜாக்கெட் போட்டிருக்கா?” என்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதுக்குப் பதில் தெரிந்தால் எப்படிக் கை தூக்குவாளோ அந்தச் சந்தோஷத்தில் அவள் சொன்னாள், கையில வெள்ளைப் புள்ளி இருக்கு, மருந்து போடுதா.  அத்தைக்காரி அவளுக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள், அவள் தின்றாள், முந்திரியைக் கடைசிக்கு வைத்துத் தின்றாள். அவர்கள் போனபின் அவளை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அம்மா அடுக்களைக்குள் போனாள், அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “உண்மையத்தானே சொன்னா” என்றார். அவள் பக்கம் பேசினாரா, எதிர்ப்பக்கம் பேசினாரா, முப்பத்தொன்பது வருஷமாகத் தெரியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, அடுத்து வந்தவர்கள் வாசலிலேயே கையைப் பார்த்தார்கள், அதற்கடுத்து யாரும் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் புள்ளி நாலு வருஷத்தில் தானாகவே மறைந்துவிட்டது. இருந்த தடம் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரு ஆயுசு இருக்கிறது, பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று போய்விடும், அவள் சொன்ன அந்த ஆறு சொல் மட்டும் அன்றைக்கு இருந்த கனத்திலேயே இன்னும் இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து கால் மரத்துப்போனதற்காக இரண்டு நடை நடந்தாள். எஃகு மேஜையில் அந்த மூன்று பைகள். இவற்றை அவள் காலையிலிருந்து பார்க்காமல் இருக்கிறாள், ஒரு அறைக்குள் ஒரு பொருளைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு வேலைதான். மதிவாணன் உத்தரவு. ஓடையில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. கடல் பக்கத்துப் பையில் அயோடின் கூடுதலென்றால் வெளியிலிருந்து வருகிறது, நடுப்பையில் கூடுதலென்றால் ஊருக்குள்ளிருந்து, அந்த இருபது முப்பது வீட்டுக்குள் என்று விரலை வைத்துவிடலாம், ஒப்பிட்டுப் பார்க்கப் பைக்குப் பத்து நிமிஷம் போதும். சரியான யோசனை, அவளிடம் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பாள். மூன்று மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம், அதில் விரல் காட்ட அவருக்கு ஒரு வீடு வேண்டும். பைகளை எடுத்துக்கொண்டு வந்ததும் நயினார்தான், வேறு யார். ஒன்பதேகால் மணிக்கு மழைக்கு நடுவில் முட்டளவு தண்ணீரில் இறங்கிச் சுரண்டியிருக்கிறார், வேட்டி இன்னும் காய்ந்திராது. அவள் குனிந்து முதல் பையின் சீட்டைப் படித்தாள். ‘மேல் - பஞ்சாயத்துப் பாலம்.’ மூன்றாவது, ‘கீழ் - கழிமுகக் கல்.’ நடுவில் இருந்ததைப் படிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். ‘நடு - ஆ. நயினார் வீட்டுப் புறவாசல்.’ குண்டு குண்டான எழுத்து, பென்சில், அழுத்தி எழுதியதில் அட்டை பள்ளம் விழுந்திருந்தது. பென்சிலில் எழுதச் சொன்னது அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து நீட்டிய முதல் சீட்டு, தண்ணீர் பட்டு நீலமாய் வழிந்து எது எங்கே எடுத்தது என்றே தெரியாமல், எட்டுப் பையையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவரை நிற்க வைத்து மூன்று பாடம் சொன்னாள். ஒன்று, மை கரையும், பென்சில் கரையாது, ஆற்றில் முங்கினாலும் எழுத்து நிற்கும். இன்னொன்று, எடுக்கிற இடத்திலேயே எடுக்க வேண்டும், பத்தடி தள்ளி எடுத்தால் அது வேறு ஊர். மூன்றாவது, பக்கத்தில் என்ன அடையாளம் இருக்கிறதோ அதை உள்ளபடி எழுத வேண்டும். “உள்ளபடிதான மேடம், எழுதிருதேன்” என்றார். பத்தொன்பது வருஷமாக எழுதிவருகிறார். அன்றிலிருந்து அவர் காதிடுக்கில் ஒரு கட்டைப் பென்சில் உண்டு. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அயோடின் அயோடின் என்று இந்த அறையில் பத்தொன்பது வருஷம் கேட்ட காது. ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருப்பார்கள், இது கதிர் மருந்து என்று. தெரிந்தவர் நாற்பதடி மேலே போய்ச் சுரண்டியிருக்கலாமே, யார் கேட்கப் போகிறார்கள், யார் அவரோடு ஓடையில் இறங்கினார்கள்? பாலத்துப் பாசியை மூன்று பையிலும் போட்டு மூன்று பெயர் எழுதியிருக்கலாம். தெரியவில்லையோ? தெரிந்தும் கை வழக்கப்படி அதே கல்லுக்குப் போய்விட்டதோ? இல்லை, பாசிக்குப் பொய் சொல்லக் கூடாது, மனுஷனுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறாரோ? வாசலில் வேப்பிலை, சீட்டில் சொந்தப் பெயர். அவளுக்கு அந்த மனுஷன் மேல் கோபம் வந்தது. இப்படி எழுதிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனால் நான் என்ன செய்ய என்று கோபம் வந்தது. அடங்கவும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

செல்போன் அடித்தது, கோமதி அக்காள். “ஏட்டி வடிவு, சாப்பிட்டியா?” மணி பன்னிரண்டே கால், இன்னும் இல்லை என்றாள். “டிவியில ஒங்க ஊரக் காட்டுதான். கடல்ல என்னமோ கலந்துட்டுங்கான். ஒனக்கு ஒண்ணும் இல்லேல்லா?” எனக்கென்ன, நான் ஆபீஸ்ல இருக்கேன் என்றாள். “உளுந்தங்களி கிண்டினேன். நல்லெண்ண நெறைய ஊத்தி. மூணு மணி பஸ்ஸுல டிரைவர்ட்ட கொடுத்து விடட்டுமா, சாயங்காலம் வாங்கிக்கிடுதியா?” அக்காள் முப்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஒற்றையாள் சமையலுக்கு அவள் பாத்திரங்கள் எப்போதும் பெரிசு. கொடுத்துவிடு என்றாள். திரையில் ஒரு புள்ளி ஐந்நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் விழுந்தது. “அக்கா” என்றாள். என்ன என்றாள் அக்காள். நீ ஏன் இன்னும் முழுக்கை ஜாக்கெட்டே போடுத என்று கேட்டுவிட்டாள். முப்பத்தொன்பது வருஷமாகக் கேட்காத கேள்வி, இப்படி உளுந்தங்களிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கேட்பாள் என்று அவளே நினைக்கவில்லை. அந்தப் பக்கம் கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் நின்றது. “இதென்னட்டி திடீர்னு?” சும்மா என்றாள். “பழகிட்டு. அரைக்கை போட்டா யாரோ பாக்க மாதிரி இருக்கு.” அப்புறம் ஒரு மூச்சு விட்டு, “சின்னப் பிள்ளட்ட கேட்டா அது உள்ளதத்தான் சொல்லும். கேட்டவள்ளா மனுசி இல்ல” என்றாள் அக்காள். “டப்பாவத் திருப்பிக் கொடுத்தனுப்பு, போன தடவையுள்ளதே இன்னும் வரல.” வைத்துவிட்டாள். வடிவு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  கேட்டவள்தான் மனுஷி இல்லை. கேட்கிற இடத்தில் இருப்பது யார் என்பது பற்றி அவள் இதுவரை யோசித்ததே இல்லை, சொன்னதைப் பற்றியேதான் இத்தனை வருஷமும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். இந்த ஈயப் பெட்டியை எட்டு வயதுப் பிள்ளை மாதிரி மடியில் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அவள்தான். பெட்டி சொல்லும். நடுப்பையை உள்ளே வைத்தால் நடுப்பையையும் சொல்லும், அதற்குக் கள்ளம் தெரியாது. எந்தப் பையை வைப்பது என்பது பெட்டியின் வேலை இல்லை.

அதற்கப்புறம் நேரம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. மழை வலுத்தது, ஓய்ந்தது. எண்பது நாள் என்று கணக்குப் போட்டாள், எட்டெட்டாகப் பத்துத் தடவை பாதியானால் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சும், தை பிறக்கும்போது அந்தப் பெண்ணின் உடம்பிலும் இருக்காது, ஓடையிலும் இருக்காது. கழுத்துத் தழும்பு தாலிக்கொடிக்குக் கீழே ஒரு கோடாகக் கிடக்கும். மாப்பிள்ளை கேட்டால் கனி சொல்லட்டும், அவள் உடம்பு, அவள் வாய். ஆட்சியர் கூட்டத்தில் மைக் வைத்துச் சொல்வதற்கு அது என்ன மீன் விலையா. மீன் என்றதும் தலைவரின் நிதானமான முகம் வந்தது. யாருன்னு சொல்லுங்க, நம்புதோம். அவருக்கும் வீட்டில் சோறு பொங்க வேண்டும், அவர் ஊரும் பாவம்தான், பெயர் சொல்லாத அறிக்கையை அவர்கள் நம்பாவிட்டால் வண்டி இன்னும் நாலு நாள் தாமதமாகத்தான் வரும், அந்த நாலு நாள் அவள் கணக்கில்தான் வரும். அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை, ஒரு ஓரமாக வைத்துக்கொண்டாள். ஒன்று இருபத்தாறுக்குக் கணினி டிங் என்றது. கூம்புகள் அசையாமல் நின்றன. முந்நூற்று அறுபத்து நான்கில் அக்காள், நெடுநெடுவென்று. ஐந்நூற்று முப்பதில் வெறும் தரை. அவள் பெரிதாக்கிப் பார்த்தாள், பின்னணியைக் கழித்துப் பார்த்தாள், தரைதான். சீசியமும் பழைய குண்டுக்காலத்துச் சீசியம் மட்டும், உலைக்காரச் சீசியம் கூட இல்லை. தங்கை இல்லாத அக்காள். நிலையம் இல்லை. அளவும் சொற்பம், அந்தக் கழிமுகத்து மீனை வருஷம் முழுக்க மூன்று வேளையும் தின்றாலும் ஒரு எக்ஸ்ரேக்கு ஆகாது. முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி, அது உண்மையான நிம்மதி, நாற்பதாயிரம் ஜனத்துக்காக வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றது வந்தது.

மேஜைத் தொலைபேசி அடிக்கும்போதே கதவு திறந்தது. நயினார், ஐஸ் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக வந்தவர், அவள் போனை எடுப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுகொண்டார். வேட்டி முழங்காலுக்குக் கீழே ஈரமாகத்தான் இருந்தது, காதிடுக்கில் பென்சில். மதிவாணன் நேராக விஷயத்துக்கு வந்தார். “என்ன வடிவு, முடிஞ்சுதா?” முடிந்தது சார், நிலையம் இல்லை, நூற்று முப்பத்து மூன்று சுத்தமாக இல்லை, மருத்துவத்துக்குப் பயன்படுத்துகிற அயோடின், மீனுக்கும் மனுஷனுக்கும் ஒன்றும் செய்யாத அளவு என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, சந்தோஷமானது. “அப்பாடா. ரொம்ப நல்லது. சரி, எந்த வீடு? அந்த மூணு பை என்ன சொல்லுது?” அவள் மேஜையைப் பார்த்தாள். மூன்று சீட்டும் மூன்று பையில் பளிச்சென்று தெரிந்தன, நடுவில் இருந்ததில் ‘புறவாசல்’ என்பதன் கடைசி எழுத்தைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கலாம். நயினாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கெஞ்சல் ஒன்றும் இல்லை, கேட்பதற்குத் தயாராக வந்து நிற்கிறவர் முகமாக இருந்தது. “அது வீணாப் போச்சு சார்” என்றாள் வடிவு. குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, அது அவளுக்கே ஆச்சரியம். “ஐஸ் பெட்டிக்குள்ள தண்ணி ஏறிட்டு. சீட்டெல்லாம் மை கரைஞ்சு போச்சு, எது எங்க எடுத்ததுன்னே தெரியல. அளந்து பிரயோஜனம் இல்ல.” மதிவாணன் ச்ச என்றார். மறுபடி எடுக்கச் சொல்லலாமா என்றார். “எடுக்கலாம் சார். நேத்தும் இன்னைக்கும் பெஞ்ச மழையில ஓடை கழுவிட்டுப் போயிருக்கும். அதுவுமில்லாம ஏழு ஊர்த் தண்ணி வர்ற ஓடை, எந்த ஊர்ன்னே சொல்ல முடியாது. விகிதம் என்ன வகைன்னு சொல்லும், யாருன்னு சொல்லாது. அப்படியே எழுதித் தந்துருதேன்.” மதிவாணன் ஓடையில் ஒருநாளும் இறங்கியிராத மனிதர், மை கரைந்தது என்றால் அவருக்கு மை கரைந்ததுதான். “சரி, என்ன பண்றது. அதையே எழுதுங்க” என்று வைத்துவிட்டார். அவளும் வைத்தாள். நாற்பத்தேழு வயதில் முதல் பொய், அதையும் பென்சிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், அதுவும் இந்த மனுஷனுக்கு முன்னால். அவள் அவரைப் பார்க்காமல், பைகளை எடுத்துக் கொட்டிவிடுங்க நயினார் என்றாள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, மூன்று பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார், நடுப்பையைக் கடைசியாக வைத்தார். மூடியை அமுக்கினார். காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இனிமே பேனாவுலயே எழுதுதேன் மேடம்” என்றார்.